துடைத்த பின் முதல் படம்

காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வளைவுக்கும் அவன் வலது கால் கீழே அழுந்தியது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். பயம் வந்தால் யார் மேலாவது எரிந்து விழுவது என் பிறவிக் குணம். அன்றைக்குக் காலையிலிருந்தே எரிந்து விழுந்துகொண்டுதான் இருந்தேன்.

"காலச் சும்மா வையேன் அண்ணே. நான்தான ஓட்டுதேன்?"

"ஏட்டி பேச்சி, மையத்துக்குத் திரும்புத ரோட்ட விட்டுட்டியே. பின்னால போயிட்டு."

கண்ணாடியில் பார்த்தேன். போய்த்தான் விட்டது. 'விழிப்பட மையம்' என்று பஸ் அகலத்துக்கு மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள். அது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று புரியவில்லை. கவலைதான், வேறென்ன என்று சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

என் அண்ணன் இசக்கிப்பாண்டி மலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். டிரைவராக இருந்தவன் என்று சொல்ல வேண்டும். அவன் ஓட்டினால் மடியில் வைத்த தூக்குவாளிக் குழம்பு சிந்தாது என்று எஸ்டேட் பெண்கள் சொல்வார்கள். கார்த்திகை மாதம் வருடாந்தரப் படம் எடுக்கப் போனான். நிழல் விழுந்திருக்கிறது என்று சொல்லி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மேம்பாலத்தில் எரிவாயு லாரி ஓட்டிக்கொண்டு போனவனுக்குச் சில நொடி நினைவு தப்பி, ஒரு தெருவே எரிந்ததே, அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. மூளையில் அந்தக் கோளாறு தொடங்கும்போதே கண்ணின் பின்சுவரில் நரம்பின்மேல் ஒரு கரும்புள்ளி தெரியும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் புள்ளிக்குத்தான் நிழல் என்று பெயர். நிழல் விழுந்தவருக்கு இரண்டு மூன்று வருடத்துக்குள் நினைவு தப்பத் தொடங்கும், சிலருக்குச் சில வாரத்திலேயே. டிரைவர், கிரேன் ஓட்டுகிறவர், அறுவை செய்கிற டாக்டர், என்னைப் போல நுட்பமான கருவியைத் தொடுகிறவர், எல்லாரும் வருடம் ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலைக்கென்று வந்ததை நம் ஜனங்கள் விடுவார்களா? கல்யாணத் தரகர் ஜாதகத்துக்கு முன்னால் வீட்டில் யாருக்காவது நிழல் உண்டா என்று கேட்கிறார். அண்ணன் மகள் செண்பகாவுக்குப் பேசி முடித்த இடம் அப்படித்தான் கைவிட்டுப் போனது. போன வாரம் அடுத்த வீட்டுக் குழந்தை அண்ணன் மடியில் விளையாடிக்கொண்டிருந்தது. அதன் அம்மா ஓடி வந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டு போனாள். அண்ணன் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அவளை அறைந்தால் என்ன என்றிருந்தது.

"நெசமாவே தூசுதானா பேச்சி?" அண்ணன் காலையிலிருந்து இதை எத்தனை தடவை கேட்டுவிட்டான். நிழலுக்குக் கொடுத்த மாத்திரை அவன் நாக்கைத் தடிக்க வைத்திருந்தது.

"உன் படத்தப் பாத்தேன்லா. நிழல்னா ஓரம் கலங்கலா இருக்கும், தண்ணியில மை விழுந்த மாதிரி. உனக்கு இருக்கது கத்தரிச்சு வெச்சாப்புல இருக்கு. கேமராவுக்குள்ள சென்சார்னு ஒரு சில்லு உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசி அதுல ஒட்டினாப் போதும், படத்துல புள்ளி விழுந்துரும்."

"அப்ப வந்தவன் எல்லாருக்கும்லா புள்ளி விழணும்?"

"விழத்தான் செய்யும். ஆனா எல்லார் கண்ணும் ஒண்ணு போல உக்காராது. புள்ளி நரம்பு மேல போயி விழுந்தாத்தான் கம்ப்யூட்டர் நிழல்னு சொல்லும். தள்ளி விழுந்தா கண்டுக்கிடாது. அதான் யாருக்கும் தெரியல. கணக்கு ஒண்ணுதான் அண்ணே. தூசுன்னா யாரு உக்காந்தாலும் கேமராவோட இருக்கும். நிழல்னா ஆளோட எந்திரிச்சுப் போயிரும்."

அவன் தலையை ஆட்டினான். கால் மறுபடியும் பிரேக்கை மிதித்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் என் முன்னால் சாவிக்குக் கையை நீட்டிவிட்டு, சட்டென்று அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இந்தக் கேமராக்களின் சென்சாரைத் துடைப்பதுதான் என் வேலை. தென்மாவட்டங்களுக்கு நான் ஒருத்திதான். ஒரு சென்சாரின் விலை ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிற விலை. ஒரு கீறல் விழுந்தால் குப்பை. கீறல் விழுந்தால் அண்ணன் கதையும் முடிந்தது. நிழல் விழுந்தவருக்கு மறுபடம் ஒரே ஒரு தடவைதான், அதையும் முதலில் எடுத்த அதே கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து வேறு சென்சார் வந்தாலும் அது வேறு கேமராதான்.

அண்ணனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். ஏற்கெனவே சிலர் படத்துக்காக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மையத்தின் பொறுப்பாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு எழுந்து வந்தார். தங்கமான மனிதர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"வாங்கம்மா. லேசா ஒரு தொடை தொடைச்சிட்டுப் போயிருங்க. ஆளுக காத்துக் கெடக்காவ."

"லேசால்லாம் தொடைக்க முடியாது அண்ணாச்சி. ஃபேன நிறுத்துங்க. ஜன்னல் எல்லாம் சாத்துங்க."

அந்தக் கேமரா பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த நிலையில் ஓடுகிறது. அணைத்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் முழுவதும் சென்சாரில் படியும். அணைப்பதற்கு முன்னால் நனைத்த துணியால் மேசையைத் துடைத்தேன். அப்போதுதான் கேமராவின் பின்புறம் காற்றுச் சல்லடைக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. காய்ந்துபோன சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஆயுத பூசைக்கு வெச்சதும்மா. நமக்குச் சோறு போடுத மிசினுல்லா."

"வெளிய மட்டும்தான வெச்சீங்க?"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்களத்தான் கேக்கேன்."

"ஆரத்தி காட்டும்போது சாமி கண்ண மூடி வெச்சிருக்கலாமாம்மா? அதுவும் ஒரு கண்ணுதான? முன்மூடியக் கழட்டிட்டுத்தான் காட்டினேன். துன்னூறு இடுதப்போ கொஞ்சம் உள்ள விழுந்துட்டு." குரல் இறங்கிவிட்டது. "நான் உடனே ஊதி விட்டுட்டேன்."

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வாயால் ஊதினால் காற்றோடு எச்சிலும் போகும். அது காயும்போது சாம்பலைப் பசை போட்டு ஒட்டிவிடும். இந்த உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்படியானால் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை! நெற்றியில் இடுகிற திருநீறு அவன் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

"சரி, முன்படம் எடுக்கணும்," என்றேன்.

துடைப்பதற்கு முன்னால் வெறும் வெள்ளைப் பலகையைப் படம் எடுப்பது முன்படம். தூசு எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அண்ணாச்சி என் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் வந்து நின்றார்.

"அது வேண்டாமே தாயி. தொடைச்சிருங்க, இனிமே வாறவங்களுக்குச் சரியாயிரும். முன்படம் மேலிடத்துக்குப் போச்சுன்னா பூசையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் எடுத்தது அம்புட்டும் கேள்வியாயிரும். எனக்கு ரிட்டயர் ஆவ கொஞ்ச நாள்தான் இருக்கு."

"இனிமே வாறவங்களுக்குச் சரி. ஏற்கெனவே வந்துட்டுப் போனவங்களுக்கு? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கது எங்கண்ணன். மலை பஸ்ஸு டிரைவர். ஞாபகம் இருக்கா?"

அவர் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "கும்பிட்டுட்டுப் போனாரு. கிரேன் ஓட்டுத பிள்ள ஒருத்தி வந்தா, அவ இந்தத் தரையில உக்காந்து அழுதா. நான்தான் தேத்தினேன். எல்லாம் விதிம்மான்னு சொன்னேன். விதின்னு சொன்னேன் பாருங்க!" கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே போய் வெள்ளைப் பலகையை எடுத்து வந்து வைத்து, பொத்தானை அமுக்கினார்.

திரையில் வெள்ளை விரிந்தது. அதில் மங்கலான சின்னத் துகள்களுக்கு நடுவே ஓரம் கூரான ஒரு கரும்புள்ளி. பக்கத்தில் அண்ணனின் பழைய படத்தைப் போட்டேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. அண்ணாச்சி மேல் இருந்த கோபம் எனக்குப் போயே போய்விட்டது. ஆனால் இனிமேல்தான் வேலை.

கேமராவை அணைத்து, சூடேறும்வரை காத்திருந்து, மணிக்கட்டில் பட்டையைக் கட்டி அதன் வயரைத் தரையோடு இணைத்தேன். உடம்பின் மின்சாரம் ஒரு பொறி தட்டினாலும் சென்சார் செத்துவிடும். முகமூடி போட்டேன். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தேன். தூசு கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. ரப்பர்க் குமிழை முதலில் வேறு பக்கம் அமுக்கி, அதற்குள் இருக்கும் தூசியை வெளியேற்றிவிட்டு, பிறகு சென்சாரை நோக்கி அமுக்கினேன். சாம்பல் மணல் மாதிரி. ஊதிப் போக்காமல் துடைத்தால் தானே இழுபட்டுக் கீறும். கை கடுக்கும்வரை ஊதினேன். உருப்பெருக்கியில் பார்த்தால் பெரும்பாலும் போய்விட்டது. அந்த ஒன்று மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"போயிட்டாம்மா?"

"பேசாதீங்க. மூச்சு படும்."

துணி சுற்றிய குச்சியில் ஒரு சொட்டுத் திரவம். காயவிட்டால் கறை, கூடினால் ஓரத்தில் இறங்கும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பு. நடுவில் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. குச்சியைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் மறுமுனையிலிருந்து இன்னொரு இழுப்பு. அதோடு அந்தக் குச்சி குப்பை. இழுத்து முடித்தபோதுதான் நான் மூச்சே விடாமல் இருந்தது தெரிந்தது. உருப்பெருக்கியில் சென்சார் பளிச்சென்று இருந்தது.

மூடிக் குளிர வைத்தோம். அடுத்தது பின்படம். துடைத்த பின் முதல் படம் துடைத்தவரின் கண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் விதி. என் கண் வெள்ளைக் கண். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு புள்ளி விழுந்ததில்லை. அதில் புள்ளி தெரிந்தால் தூசு போகவில்லை என்று அர்த்தம். கேமரா முன்னால் உள்ள தாங்கியில் தாடையை வைத்தேன், பச்சை விளக்கைப் பார்த்தேன். அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார்.

"அடக் கடவுளே," என்றார்.

திரையில் என் கண். அதில் நரம்பின்மேல் ஒரு புள்ளி.

"எடம் மாறியிருக்கு," என்றேன். "ஒட்டியிருந்தது பிரிஞ்சு வேற எடத்துல போயி விழுந்திருக்கு. சாம்பல்னா அப்படித்தான்." புள்ளியின் ஓரம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. திரவம் காய்ந்த கறையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

மறுபடியும் முதலிலிருந்து எல்லாம். சூடேறும்வரை காத்திருப்பு, குமிழ், சொட்டு, இழுப்பு. இரண்டு தடவைக்கு மேல் ஈரத் துணி படக் கூடாது, இதுதான் கடைசி. உருப்பெருக்கியில் ஒரு மாசும் தென்படவில்லை. மறுபடி என் கண். மறுபடி அதே இடத்தில் அதே புள்ளி.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரையின் கீழே கேமரா வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. 'முதல் படத்தில் புள்ளி உள்ளது. தூசு, நிழல், எது?' இரண்டு பொத்தான். எந்த ஊரிலும் நான் அதை அமுக்கியதில்லை. அமுக்க உரிமை உள்ளவள் அங்கே நான் மட்டும்தான். தூசு என்று சொன்னால் கேமராவைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள், அதில் மறுபடி யாரும் படம் எடுக்க முடியாது. இன்று எடுத்த எதுவும், முன்படம் உட்பட, செல்லாது. துடைத்தும் புள்ளி போகவில்லை, அப்படியானால் துடைக்கத் தெரியவில்லை என்பார்கள். அண்ணன் நிழல் விழுந்தவனாகவே இருப்பான். கிரேன் ஓட்டிய பெண்ணும்தான்.

"எங்கண்ணனக் கூப்பிடுங்க," என்றேன்.

"முதல் படமே சரியாகாம..."

"கூப்பிடுங்க அண்ணாச்சி! உங்களக் கும்பிடுதேன்."

அண்ணன் வந்தான். என் முகத்தைப் பார்த்தான். தாடையை வைத்தான். அவன் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. பொத்தானை நானே அமுக்கினேன்.

வெள்ளை. அப்பழுக்கில்லாத கண். முன்பு புள்ளி இருந்த இடத்திலும் ஒன்றுமில்லை, இப்போது என் கண்ணில் புள்ளி இருந்த இடத்திலும் ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்ல! அண்ணே, உனக்கு ஒண்ணுமில்ல!" கத்தினேன். அண்ணன் தாடையை எடுக்காமல் அப்படியே அழுதான். நான் அவன் முதுகைக் கட்டிக்கொண்டேன். அவனிடம் அந்தப் பழைய டீசல் வாசனை இல்லை, மாத்திரை வாசனைதான். இனி அது போய்விடும், எல்லாம் சரியாகிவிடும், செண்பகாவுக்குக் கைவிட்டுப் போனதைவிட நல்ல இடம் பார்ப்போம் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட வெளியே ஓடினான்.

அண்ணாச்சி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில்தான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. தூசு என்றால் கேமராவோடு இருக்கும். நிழல் என்றால் ஆளோடு எழுந்து போய்விடும். காலையில் நானே என் வாயால் சொன்ன கணக்கு.

மஞ்சள் பலகை ஞாபகம் வந்தது. பஸ் அகலப் பலகை. அந்தச் சில நொடி நான் எங்கே இருந்தேன்? காரில் அண்ணன் வேறு இருந்தான்.

"எனக்கு இன்னொருக்க எடுங்க," என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது.

அண்ணாச்சி மெல்லப் பக்கத்தில் வந்தார். "தாயி, தூசுன்னே போட்டுருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒண்ணையும் பாக்கல. ஒங்க கை போச்சுன்னா இந்த வேலைக்கு வேற யாரு இருக்கா? ஒங்க அண்ணனுக்குப் பெறவு ஏதாவது வழி பாத்துக்கிடலாம்."

"தூசுன்னு போட்டா அவன் படம் செல்லாது அண்ணாச்சி. அந்தக் கிரேன் பிள்ள படமும் மறுபடி எடுக்க முடியாது."

"அதுக்கில்ல... நீங்க..."

"தூசு போயிட்டு. நல்லாத்தான் தொடைச்சிருக்கேன்." எனக்கு என் வேலை உயிர். இந்தக் கைகளை நம்பி யாரும் இனி ஒரு கண்ணாடிக் குவளையைக்கூடத் தர மாட்டார்கள். குழந்தையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள், சிரித்துக்கொண்டே. பயமாக இருந்தது. திட்டுவதற்கு யாரும் கிடைக்கவில்லை.

நிழல் என்ற பொத்தானை அமுக்கினேன். கேமரா சரியாக இருக்கிறது என்று திரை சொன்னது. அண்ணன் பெயருக்கு நேரே இருந்த சிவப்பு பச்சையாக மாறியது, அவன் லைசென்ஸுக்கு மறுபடி உயிர் வந்தது. பூசைக்குப் பிறகு நிழல் என்று எழுதப்பட்ட பெயர்கள் மறுபடத்துக்கு ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. அவற்றின் கீழே புதிதாக ஒரு பெயர் சிவப்பில் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே அண்ணன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முகம் பத்து வயது குறைந்திருந்தது. "செண்பகா ஒரே அழுக. ஒன் மதினி ஒனக்குக் கறி எடுக்கச் சொல்லிட்டாளாம். ஏட்டி, ஒன் படம் எப்படி வந்துச்சு? எப்பவும்போல வெள்ளதான?"

"கேமரா நல்லாருக்கு அண்ணே."

பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். அவன் கை உடனே வரவில்லை. நான் விளையாடுகிறேனா என்று பார்த்தான்.

"நீ ஓட்டு," என்றேன்.

"ஏன், கை வலிக்கா?"

"ஆமா."

வாங்கிக்கொண்டான். உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. அவன் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டினான், நானும் சிரித்தேன். முதல் வளைவு வந்தது. என் வலது கால் தானாகக் கீழே அழுந்தி, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடியது.